கும்பகோணத்துக் கேள்வியும் திருநெல்வேலி வட்டமும்

தாம் படித்து இன்புற்ற நூலைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லாமல் இருக்கமாட்டாத சுபாவம் எக்காலத்து மனிதருக்கும் உரியதுதான் என்றாலும், தமிழ்நாட்டில் அது தனியானதொரு வழக்கமாக உருக்கொண்டது அண்மைக் காலத்தில்தான் என்று சொல்ல வேண்டும். ஏட்டுச் சுவடிகள் அருகியே கிடைத்த காலத்தில், படிப்பதென்னும் செயலே பலர் கூடி நிகழ்த்தும் செயலாக இருந்தது. ஊரில் ஒருவரிடம் ஒரு சுவடி இருக்குமாயின், எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் அதை வாசிக்க, பொருள் சொல்ல வல்லவர் விரித்துரைக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பார்கள். யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் கந்தபுராணச் செய்யுளை ஒருவர் இராகத்தோடு படிக்க மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லிவரும் புராண படனம் இந்த முறையின் சிறந்த வடிவமாகும். அச்சு யந்திரம் வந்த பின்பும் நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் பெரிய எழுத்துப் புத்தகங்களாகத் திண்ணைக்குத் திண்ணை உரக்கப் படிக்கப்பட்டன. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது தெருவுக்கே தெரிந்திருந்த அக்காலத்தில், அதைக் கேட்டறிய வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை.

அச்சுப் பிரதிகள் மலிந்து, ஆளுக்கொரு புத்தகத்தை வைத்துக்கொண்டு வாய்திறவாமல் படிக்கும் பழக்கம் வந்தபோதுதான், நண்பர்கள் சந்திக்கும்போது “இப்போது என்ன படிக்கிறீர்கள்?” என்று வினவுவதற்கு ஒரு பொருள் உண்டாயிற்று. இந்த வினாவைச் சம்பிரதாய க்ஷேம விசாரணையாக எண்ணி நாம் கடந்துவிடுகிறோம். ஆனால் தமிழ் இலக்கியத்தின் பழம்பெருஞ் செல்வம் மீண்டும் உலகறிய வந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்போமானால், அதன் முக்கியமான திருப்பத்தில் இத்தகைய வினா ஒன்று நிற்பதைக் காணலாம்.

1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்காகப் பாடங் கேட்டவர். திருவாவடுதுறை மடத்து வித்துவான்களிடையே வளர்ந்தவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்னும் பிரபந்த வகைகளிலும், புராணங்களிலும், இலக்கண நூல்களிலும் அவர் பெற்றிருந்த பயிற்சி அக்காலத்து அளவுகோலின்படி நிறைவானது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி, அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் போய்ப் பார்த்தார். யாரிடம் படித்தீர்கள், என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் கற்றவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கேட்டவர் முகத்திலோ வியப்பும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. இவற்றாலெல்லாம் என்ன பிரயோஜனம் என்று கூறிவிட்டு, இவற்றுக்கு முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவியவர், சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்னும் பெயர்களையும் எடுத்துச் சொன்னார். அவற்றை ஐயர் படித்ததில்லை.

அச்சந்திப்பு ஐயரின் வாழ்க்கையையே மாற்றியது என்பது தமிழர் பலர் அறிந்த செய்தி. அதில் அதிகம் கவனிக்கப்படாத அம்சம் ஒன்று உண்டு. கேட்டவர் பல்கலைக்கழகத்துப் பரீட்சகர் அல்லர், மடாதிபதி அல்லர். நியாயஸ்தலத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் நல்ல நூல்களை நாடிய ஒரு ரசிகர். சிந்தாமணியைத் துணையின்றிப் படிக்க இயலாமையால் உடனிருந்து படிக்க ஒருவரைத் தேடியவர், கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்து, ஐயரைத் தமக்குப் பாடஞ்சொல்லச் செய்தார். அறியாததை அறியேன் என்று ஒப்புக்கொள்ளும் பணிவு ஐயரிடமும், அறிய விரும்பியதை வற்புறுத்திக் கேட்கும் துணிவு முதலியாரிடமும் இருந்தமையால், அந்தச் சம்பாஷணை மனஸ்தாபத்தில் முடியாமல் ஒரு கூட்டு வாசிப்பாகத் தொடர்ந்தது.

அவ்வாசிப்பும் எளிதாக இருக்கவில்லை. நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு எழுதிய உரையில் மேற்கோளாகக் காட்டும் நூல்களின் பெயர்கூடத் தெரியாத நிலை. காப்பியத்தில் பயிலும் ஜைன சமயக் கருத்துக்களோ சைவ நூல்களிலேயே ஊறியவர்க்கு முற்றிலும் புதியவை. ஐயர் கும்பகோணத்து ஜைனர்களை நாடிச் சென்றார். அங்கே ஒரு வீட்டு வாயிலில் மாவிலைத் தோரணமும் கோலமுமாக ஏதோ விசேஷம்போலத் தோன்ற, விசாரித்தபோது, அவ்வீட்டில் சிந்தாமணியைப் படித்துவந்து அன்று பூர்த்தி செய்கிறார்கள் என்று தெரியவந்தது. வித்துவான்கள் பலர் படித்தறியாத காப்பியத்தை, தங்கள் சமய நூலாகப் போற்றிய ஒரு சிறு சமூகம் குடும்பத்தாரும் சுற்றத்தாரும் கேட்கப் படித்து, முடித்த நாளை மங்கல நாளாகக் கொண்டாடிவந்தது! அவர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றின் துணையோடுதான் 1887ஆம் ஆண்டில் ஐயரின் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. 1892இல் சிலப்பதிகாரமும் 1898இல் மணிமேகலையும் அச்சேறியபோது, முதலியார் அன்று சொன்ன மூன்று பெயர்களும் பதினெட்டு ஆண்டுகளுக்குள் தமிழர் கையில் புத்தகங்களாகத் தவழ்ந்தன.

பழைய நூல்கள் இவ்வாறு அச்சில் வந்துவிட்ட பின்னர், அவற்றை எவ்வாறு அனுபவிப்பது என்னும் பிரச்சினை எழுந்தது. புத்தகம் அலமாரிக்கு வந்துவிட்டதே தவிர, மாணாக்கனுக்கு அது பரீட்சைக்குரிய பாடமாகவும், பண்டிதருக்கு இலக்கண விவகாரத்துக்குரிய களமாகவும் நின்றது. இந்த நிலையில்தான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில், 1920களில், வட்டத்தொட்டி என்ற பெயரால் பிரசித்தி பெற்ற சபை கூடலாயிற்று. 1882இல் பிறந்து, சட்டம் பயின்று வக்கீலாகி, சென்னைச் சட்டசபை அங்கத்தினராகவும் பின்னர் இந்து அறநிலைய போர்டு கமிஷனராகவும் பணியாற்றிய அவரை, ரசிகமணி டி.கே.சி. என்றுதான் தமிழுலகம் நினைவில் வைத்திருக்கிறது. வீட்டினுள் வட்ட வடிவாக அமைந்த முற்றத்தில் நண்பர்கள் கூடியதால் சபைக்கும் அப்பெயர் வாய்த்தது.

அங்கே தலைவர், செயலாளர், தீர்மானம் என்பன கிடையா. கம்பனின் ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டால், அதைப் பாவத்தோடு மீண்டும் மீண்டும் சொல்லி, சொற்கள் செவியில் படிந்து உணர்ச்சி தானே எழுந்த பின்னரே பொருளைப் பற்றிய பேச்சு ஆரம்பமாகும். கம்பன் மாத்திரம் அன்றி, முத்தொள்ளாயிரத்து வெண்பாக்களும், திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியும், நாட்டுப்புறத்துப் பாடல்களும், ஆங்கிலக் கவிகளும் அங்கே நடமாடின. பதவுரை, இலக்கணக் குறிப்பு என்னும் சோபானங்களில் ஏறியே கவிதையை அடைய வேண்டும் என்று பழகியிருந்தவர்களுக்கு, வாய்விட்டுச் சொல்லிச் செவியால் அடையலாம் என்ற அனுபவம் பெரும் விடுதலையாக இருந்தது. செய்யுளை அச்சிடும்போதும் டி.கே.சி. பொருளுக்கும் ஓசைக்கும் ஏற்பச் சொற்களைப் பிரித்து அமைத்தார் என்றால், புத்தகத்தைக் கையில் எடுப்பவரும் அதை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதே கருத்து.

அந்த வட்டத்தில் பழகியவர்கள் பின்னாளில் செய்த காரியங்களே அதன் விசேஷத்துக்குச் சாட்சி. தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் சர்க்கார் உத்தியோகத்தில் கலெக்டராக உயர்ந்தபோதும் கோயில்களையும் சிற்பங்களையும் பற்றி எழுதுவதை நிறுத்தவில்லை. தஞ்சைக் கலைக்கூடம் உருவானதும் அவர் முயற்சியால்தான். எஸ். மகராஜன் நீதிபதியாக இருந்தபோதிலும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழில் தந்தார். டி.கே.சி. குற்றாலத்தில் வசித்த காலத்தில் இராஜாஜியும் கல்கியும் அங்கே விரும்பிச் சென்று தங்கினார்கள். நேரில் வர இயலாத நண்பர்களுக்கு, தம் மனத்தில் அப்போது நின்றுகொண்டிருந்த பாடலைப் பற்றி அவர் கடிதம் எழுதினார். அக்கடிதங்கள் பிறகு புத்தகமாகவும் வெளிவந்தன.

எனினும், இந்த முறைக்கு ஓர் அபாயமும் உண்டு என்பதை டி.கே.சி.யின் வரலாறே காட்டுகிறது. கம்பராமாயணத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்கள் வழங்குகின்றன. தம் செவிக்கும் இருதயத்துக்கும் கம்பனுடையதாகத் தோன்றாத செய்யுட்களைப் பிற்காலத்தார் சேர்த்த இடைச்செருகல்கள் என்று அவர் தள்ளினார். சில இடங்களில் சொல்லையும் திருத்தினார். எஞ்சியவற்றையே கம்பர் தந்த இராமாயணமாக வெளியிட்டார். சுவடி ஆதாரம் இன்றி ரசனை ஒன்றையே பிரமாணமாகக் கொள்வது தகுமா என்று அறிஞர்கள் கண்டித்தார்கள், அக்கண்டனம் நியாயமானதே. பொருள் விளங்காத இடத்தையும் விளங்கவில்லை என்று வைத்துக்கொண்டு, பாடபேதங்களைக் குறித்துவைத்த சாமிநாதையரின் நிதானத்தோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு நன்கு புலனாகும்.

இதற்குக் காரணம் டி.கே.சி.யின் ரசனைக் குறைவு அன்று, அதன் மிகுதியே. சொல்பவரின் ஆற்றல் மிகுந்துவிடும்போது, கேட்பவர்கள் மறுத்துரைக்க மனமின்றி மயங்கியிருப்பார்கள். அவருக்குப் பிடித்தது நூலின் உண்மையான பகுதி என்றும், பிடிக்காதது பொய் என்றும் கொள்ளும் மனப்பான்மை அங்கே தானே வளரும். கும்பகோணத்தில் நிகழ்ந்ததோ இதற்கு மாறானது. அங்கே படித்தவர் தம் பட்டியலைச் சொன்னார். கேட்டவர் அதில் இல்லாததைச் சுட்டினார். பிறகு இருவரும் தமக்கு விளங்காத நூலின் முன்னே மாணாக்கராக அமர்ந்தார்கள்.

ஆகவே, நண்பர்கள் கூடித் தாம் படிப்பதைப் பற்றிப் பேசும் இந்த வழக்கத்துக்கு இரண்டு குணங்களும் வேண்டும் என்று தோன்றுகிறது. டி.கே.சி.யைப்போல நூலின் பெயரோடு நிறுத்தாமல் அதன் சுவையையே வாயால் எடுத்துக் கொடுக்கும் வன்மை ஒன்று. அதைக் கேட்டு மகிழ்ந்த பின்னும், நீர் படிக்காத நூல் இன்னும் இருக்கிறதே என்று தயங்காமல் சொல்லும் இராமசுவாமி முதலியாரின் துணிவு மற்றொன்று. முன்னதை நாம் ஒருவாறு போற்றிவருகிறோம். பின்னதை மரியாதைக் குறைவு என்று அஞ்சித் தவிர்க்கிறோம். ஆனால் தமிழ் அதிகம் கடன்பட்டிருப்பது அந்தத் துணிவுக்கே.