திருநீலகண்ட யாழ்ப்பாணரும் மதங்கசூளாமணியும்

திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவி மதங்கசூளாமணியும் 7-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சென்று சிவத்தலங்களில் பாடிய இசை இணையர். யாழ்ப்பாணர் 63 நாயன்மார்களில் ஒருவர். இவர்களது ஊரான எருக்கத்தம்புலியூர், இன்று ராஜேந்திரப்பட்டினம் என்ற பெயரில் கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் அருகே உள்ளது. இவர்களின் வரலாற்றைச் சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது.

பயணங்கள்

சங்ககாலப் பாணர்கள் வள்ளல்களைப் பாடிப் பரிசில் பெற்றனர். அம்மரபில் வந்த இவர்கள் சிவனைப் பாடினர். கோயில் வாயிலுக்கு வெளியே நின்றே பாடினர். மதுரையில் ஈரத்தரையால் யாழ் கெடாதிருக்கப் பொற்பலகை இடப்பட்டதாகவும், திருவாரூரில் இவர்களுக்காக இறைவன் வடதிசையில் தனி வாயில் வகுத்ததாகவும் பெரியபுராணம் சொல்கிறது.

சம்பந்தருடன்

சீர்காழியில் திருஞானசம்பந்தரைச் சந்தித்தபின், அவரது பதிகங்களை யாழில் இசைத்தபடி உடன் பயணித்தனர். சிதம்பரத்தில் வழிபட்டு, யாழ்ப்பாணரின் வேண்டுகோளால் எருக்கத்தம்புலியூருக்கும் சென்றனர். சாத்தமங்கையில் அந்தணரான திருநீலநக்கர், சம்பந்தர் சொற்படி, தம் வீட்டு வேள்விக் குண்டத்தின் அருகிலேயே இவர்களுக்குத் தங்க இடமளித்தார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காததால் ‘யாழ்மூரி’ எனப் பெயர் பெற்றது. நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தரின் திருமணத்தின்போது இருவரும் அவருடன் சோதியில் கலந்தனர் என்பது மரபு.

பண் மீட்பு

பிற்காலத்தில் நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் சிதம்பரம் கோயிலில் தேவாரச் சுவடிகளை மீட்டனர். பாடல்கள் கிடைத்தும் அவற்றின் பண்முறை தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணே பண்களை வகுத்துத் தந்தார் எனத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. வாயிலுக்கு வெளியே நின்று பாடிய குலத்தின் வழியாகவே தேவாரத்துக்கு மீண்டும் இசை கிடைத்தது என்பது இம்மரபின் சாரம்.