கழுத்தில் ஒரு முகம்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் உள்ள நகைக்கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளை அண்மையில் உற்றுப் பார்த்த நேயர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மினுக்கம் குறைந்து, சற்றே கறுத்து, பாட்டியின் பெட்டகத்திலிருந்து நேற்றுத்தான் வெளியே வந்தவை போன்ற நகைகளே இப்பொழுது முன்வரிசையில் இருக்கின்றன. 'அன்ரிக்' என்று அவற்றுக்குப் பெயர். செய்து ஒரு மாதங்கூட ஆகியிராது.

என் அக்காவின் மகளுக்கு வருகிற தை மாதம் திருமணம். அவளோடு ஒரு சனிக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினேன். அவள் மனத்தில் இருந்ததோ வேறு. கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். செம்பழுப்புப் பின்னணியில் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் வெள்ளையாகப் புடைத்து நிற்கின்றது, சுற்றிலும் பொற்சட்டம். 'கமியோ' என்றாள். வெளிநாடுகளில் பழைய காலத்துக் கமியோக்களை இளம்பெண்கள் தேடித் தேடி அணிகிறார்களாம்.

"சின்னம்மா, பூட்டியின்ரை காசு உங்களிட்டைத்தானே கிடக்கு? அதை உருக்கிச் சட்டம் செய்விச்சால் என்ன?"

அந்தக் காசு என்னிடந்தான் இருக்கின்றது. உடனே மறுமொழி சொல்ல என்னால் முடியவில்லை.

கமியோ என்பது பெரிய வித்தையொன்றுமன்று. ஆனால் பொறுமையான வேலை. நிறம் வேறுபட்ட அடுக்குகளைக் கொண்ட கல்லையோ கடற்சிப்பி ஓட்டையோ எடுத்து, மேலடுக்கில் உருவத்தை மாத்திரம் புடைப்பாக விட்டு, மற்றதைச் செதுக்கி நீக்கிவிட வேண்டும். கீழடுக்கு பின்னணியாகிவிடும். உருவத்தைப் புடைப்பாக அல்லாமல் குழிவாக வெட்டினால் அது முத்திரைக்கல். கிரேக்கர் ஆண்ட அலெக்சாந்திரியாவில் தழைத்த இக்கலை உரோமரிடம் சென்றது. பின்னர் மங்கி, மறுமலர்ச்சிக்கால இத்தாலியில் எழுந்தது. நெப்போலியன் காலத்தில் மறுபடியும் மோகமாயிற்று. அவன் மனைவி ஜோசபின் அணிந்ததாகச் சொல்லப்படும் கமியோ முடி, சுவீடன் அரச குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1976-இல் சில்வியாவும் 2010-இல் அவர் மகள் இளவரசி விக்ரோறியாவும் அதை அணிந்தே மணமேடை ஏறினர். இங்கிலாந்தின் விக்ரோறியா மகாராணி 1862-இல் தம் குடும்பப் பெண்களுக்கும் தோழியருக்குமென ஏற்படுத்திய விருதின் பதக்கமே, அவரும் கணவர் அல்பேட்டும் சேர்ந்திருக்கும் ஒரு கமியோதான். ஆக, இது மீண்டும் மீண்டும் செத்துப் பிழைத்த நகை. இன்றைய மோகமும் அந்த வரிசையில் இன்னொன்று.

வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் தொரே தெல் கிரேக்கோ என்னும் கடற்கரைப் பட்டினத்தில் சிப்பி ஓட்டில் கமியோ செதுக்குவோர் இன்றும் இருக்கின்றனர். பவள வேலைக்கும் அவ்வூர் பேர்பெற்றது. சிப்பி செதுக்குவோர் ஊரென்றதும் மன்னார்க் கடலில் குளித்தெடுத்து வங்காளத்துக்கு வளையல் அறுக்க அனுப்பிய நம் சங்குகள் எனக்கு நினைவுக்கு வந்தன. ஆனால் நம் பெண்களின் கழுத்தில் கமியோ என்றாவது இருந்ததா என்று கேட்டால், இல்லையென்றுதான் முதலில் சொல்லத் தோன்றும்.

வீட்டுக்கு வந்து காசை எடுத்துப் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்களில் தாலிக்கொடியில் தாலியின் இருபுறமும் பவுண் காசு கோப்பது வழக்கம். என் அம்மம்மாவின் கொடியிலும் இரண்டு இருந்தன. ஒன்றில் முக்காடிட்ட முதிய விக்ரோறியா. மற்றதில் தாடி வைத்த ஐந்தாம் ஜோர்ஜ். இரண்டின் மறுபுறத்திலும் குதிரைமீது அமர்ந்து பறவைநாகத்தை வெட்ட வாளோங்கும் வீரன். அவன் புனித ஜோர்ஜ் என்று அம்மம்மாவுக்குத் தெரியாது. ஐயனார் என்றே சாகும்வரை நம்பியிருந்தா. நாங்கள் யாரும் திருத்தவில்லை.

அந்தக் குதிரைவீரனை வடித்தவர் பெனடெற்றோ பிஸ்றூச்சி. 1783-இல் உரோமில் பிறந்து, 1815-இல் இலண்டன் வந்தவர். தொழிலால் நாணயம் வெட்டுபவரல்லர், கமியோ செதுக்குபவர். மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் தலையை ஜஸ்பர் கல்லில் அவர் கமியோவாகச் செதுக்க, அதை மாதிரியாகக் கொண்டே நாணய அச்சு வெட்டப்பட்டது. 1817-இல் புதிய பவுண் வெளிவந்தபோது அதன் பின்புறத்தில் அவருடைய குதிரைவீரன் இருந்தான். 1825-இல் அவனை இறக்கிவிட்டார்கள். 1871-இல் மீண்டும் ஏற்றினார்கள். இன்றும் அச்சிடும் பவுணிலும் அவனே இருக்கின்றான்.

பிஸ்றூச்சியைப் பற்றி இன்னொரு கதையுண்டு. பெயின் நைற் என்ற செல்வந்தர், புளோரா என்னும் மலர்த் தெய்வத்தின் தலையைக் கொண்ட ஒரு கமியோவைப் பழைய காலத்துக் கிரேக்க, உரோமக் கலைச்செல்வம் என்று நம்பி நல்ல விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். அதைக் கண்ட பிஸ்றூச்சி, 'இது நான் செதுக்கியது' என்றார். நைற் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சேகரிப்பு முழுவதும் பின்னர் பிரித்தானிய நூதனசாலைக்குப் போயிற்று. இன்று அங்கே அந்தப் புளோரா பிஸ்றூச்சியின் பெயரிலேயே இருக்கின்றது. காலி வீதியின் 'அன்ரிக்' நகைகளைப் பார்க்கும்போதெல்லாம் பாவம், அந்த நைற் துரைதான் என் நினைவுக்கு வருகின்றார்.

நாங்கள் 'பவுண்' என்கிறோம். தமிழ்நாட்டில் 'சவரன்' என்கிறார்கள். முன்னது பவுண்ட் என்ற நாணயப் பெயர்; பின்னது சொவறின் என்ற சொல் நம் நாவில் தேய்ந்தது. அந்த நாணயத்தின் எடை 7.988 கிராம். அதை 8 கிராமாக்கிக் கொண்டோம். நாணயம் கைவிட்டுப் போய் எடை மாத்திரம் வாயில் மிஞ்சிற்று. இன்று 'பத்துப் பவுணில் சங்கிலி' என்று சொல்பவர் எவரும் அரசனின் தலையை நினைப்பதில்லை. காசு என்ற சொல்லின் பயணமோ இதற்கு நேர்மாறானது. சங்கச் செய்யுள்களில் காசு, அணியில் கோக்கும் மணி என்ற பொருளிலும் வருகின்றது. பணம் என்ற பொருள் பின்னால் மேலோங்கியது. ஆகவே காசைக் கழுத்தில் கோத்துக் கொண்ட நம் பெண்கள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. சொல்லைப் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்நியர் முகங்கள் நம் கரைக்கு வந்ததும் நேற்றல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், 1937-இல், பிரெஞ்சு ஆசிரியரான ழுவோ துப்ரேயின் கைக்கு ஒரு செதுக்குக்கல் கிடைத்தது. அதிலிருந்த தலையை அவர் அகுஸ்துஸ் சீசர் என்றார். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் அகப்பட்ட புதையலில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. பணப்புழக்கத்திலிருந்து நீக்குவதற்காக வெட்டினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வெனிஸ் நகரத்துப் பொற்காசு வந்தபோது நடந்தது இன்னும் சுவையானது. அதில் கொடிக்கம்பத்தைப் பற்றியபடி மண்டியிட்டிருக்கும் வெனிஸ் ஆட்சியாளனை, மரத்தைப் பிடித்து ஏறும் பனைத் தொழிலாளியாகக் கண்டு, அப்பெயராலேயே காசை அழைத்தனர் தென்னிந்திய மக்கள். அம்மம்மாவின் ஐயனாரும் அந்த வழியில் வந்தவர்தான்.

அவவின் இரண்டு காசுகளில் விக்ரோறியா இப்பொழுது இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கிடந்தோம். அப்பாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் வாரம் அம்மா அந்தக் காசைச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டு போனா. அரிசியோடும் மருந்தோடும் திரும்பி வந்தா. வாங்கியவர் அதை எடை பார்த்துத்தான் வாங்கியிருப்பார். முகம் பார்த்திருக்க மாட்டார். அந்த ஆண்டுகளில் நம் வீடுகளிலிருந்து மூசைக்குள் போன முகங்களுக்குக் கணக்கு இல்லை.

உருக்குவது நம் மரபுக்கு அந்நியமென்று நான் சொல்ல வரவில்லை. திருமணத்துக்கு முன் நாள் பார்த்துப் பொன்னுருக்குகிறோம். தாலிக்கென்று வைத்த காசு பத்தரின் நெருப்பில் உருகித் திரள்வதைச் சபையே பார்த்து மகிழ்கின்றது. அக்காவும் இதைத்தான் சொன்னா. அவவுக்கு வேறொரு தயக்கமும் இருந்தது. அம்மப்பா இறந்த அன்று கொடியிலிருந்து கழற்றிய காசு அது. "அப்பிடியே பிள்ளையின்ரை கழுத்திலை போடக் கூடாது. உருக்கினால் தோஷமில்லை" என்றா. சாத்திரத்துக்கு நான் வாதாடக்கூடியவள் அல்லள். எனவே கொட்டாஞ்சேனையில் எங்கள் குடும்பத்துக்கு வாடிக்கையான பத்தரிடம் மூவரும் போனோம். (சிலப்பதிகாரம் படிப்பிக்கும்போது பொற்கொல்லனைத் திட்டாத மாணவர் இல்லை. எங்கள் பத்தர் அந்த இனத்தவரல்லர் என்று இங்கே பதிந்துவிடுகிறேன்.)

எண்பதை நெருங்குபவர். செட்டியார் தெருக் கடைகளுக்கு வேலை செய்து, 1983 யூலையில் பட்டறை, கருவி எல்லாவற்றையும் இழந்து, மறுபடி தொடங்கியவர். காசைத் தராசில் வைத்தார்.

"வளையம் போக ஏழு தசம் எட்டு ஏழு. தேய்ஞ்சு போச்சு ரீச்சர்."

0.12 கிராம் வரை குறைவு. அம்மம்மாவின் கழுத்தும் சட்டையும் சவர்க்காரமும் அறுபது ஆண்டுகளாகத் தேய்த்தது அவ்வளவு. ஜோர்ஜின் தாடி மழுங்கி, புருவம் கரைந்து, முகம் ஒரு வழவழப்பாகிவிட்டது.

பத்தர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக் குதிரையின் கீழே பார்த்தார். "வந்து பாருங்கோ" என்று பெறாமகளைக் கூப்பிட்டார். 1918 என்ற ஆண்டும், அதற்கு மேலே நிலக்கோட்டில் ஒரு நுண்ணிய ஆங்கில எழுத்தும் தெரிந்தன. இந்தியாவைக் குறிக்கும் எழுத்து. முதலாம் உலகப் போரின்போது பம்பாயில் இலண்டன் நாணயசாலையின் கிளையொன்றைத் திறந்து பவுண் அச்சிட்டார்கள். 1918 என்ற ஆண்டோடு மாத்திரம் ஏறத்தாழ 13 இலட்சம் காசுகள். அதற்குப் பிறகு அங்கே அச்சிடவில்லை.

அவள் கண்ணாடியை எடுக்காமலே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டத்துக்கு வேறை பவுண் பாப்பம் சின்னம்மா" என்றாள். "இதைத் தனியாச் சங்கிலியிலை போடுறன். தாலியிலை இல்லைத்தானே, பெரியவைக்கும் குறையில்லை."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை.

பழைய வளையம் தேய்ந்து அறும் நிலையில் இருந்தது. புதிது பற்றவைக்க வேண்டும். பத்தர் காசை இடுக்கியால் பிடித்துத் திருப்பினார்.

"எந்தப் பக்கம் வெளியிலை தெரியோணும் பிள்ளை? ராசாவோ, குதிரையோ?"

"ஐயனார்" என்றாள் அவள்.