விளக்கும் குடமும்: நடக்காமல் போன 1983 தேர்தல்

இலங்கையில் தேர்தலுக்கு நாள் குறிக்கும் அதிகாரம் யாருடையது என்ற சச்சரவு, குடியரசின் முதல் அரசியலமைப்போடு கூடப் பிறந்தது. 1970 மே மாதத்தில் ஐந்தாண்டுகளுக்கெனத் தெரிவான சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி, 1972 மே 22இல் பிரகடனப்படுத்திய அரசியலமைப்பின் வழியாக இருந்த பாராளுமன்றத்தையே தேசிய அரசுப் பேரவையாக்கி, ஐந்தாண்டுக் கணக்கை அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கியதால், 1975இல் வரவேண்டிய தேர்தல் 1977க்குத் தள்ளிப்போயிற்று. அதைக் கண்டித்து 1975இல் கொழும்பு தெற்கு ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் பெரும் வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் வென்று வந்தவர் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜே. ஆர். ஜயவர்தன. ஏழே ஆண்டுகளில் அவர் செய்தது, தாம் கண்டித்ததைக் காட்டிலும் பெரிது.

1977 ஜூலைத் தேர்தலில், தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவரே வெற்றி என்ற பழைய முறையில், ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140 ஆசனங்கள் கிடைத்திருந்தன. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்போ, கட்சிகள் பெறும் வாக்குகளின் அளவுக்கேற்ப ஆசனங்களைப் பங்கிடும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. 1982 அக்டோபர் 20இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் ஜயவர்தனவுக்குக் கிடைத்த ஏறத்தாழ 53 சதவீதம் அவரைப் பதவியில் அமர்த்தப் போதுமானதாக இருந்தாலும், அதே வாக்குகள் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தரமாட்டா என்பது கூட்டிக் கழித்துப் பார்த்த எவருக்கும் விளங்கியது. 1983இல் வரவேண்டிய பொதுத் தேர்தலை நடத்தாமல், இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளையே நீட்ட அரசு முனைந்தது. சிறிமாவோவின் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குள் ‘நக்சலைட்’ சதிக் கும்பல் ஒன்று உருவாகிவிட்டது என்று அதற்குக் காரணம் சொன்னது. ஆசனக் கணக்கே உண்மையான காரணம் என்று கொள்வதுதான் பொருந்தும்.

பாராளுமன்றத்தின் ஆறாண்டு ஆயுளை நீட்டுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவோடு, சட்டமூலமொன்றை ஏற்பதா மறுப்பதா என்று நாட்டு மக்களையே நேரடியாகக் கேட்கும் சர்வசன வாக்கெடுப்பும் அன்று தேவைப்பட்டது. எழுவர் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம், நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் இதற்கு வழிவிட்டது. ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமிருந்து தேதியிடாத இராஜினாமாக் கடிதங்கள் முன்கூட்டியே வாங்கி வைக்கப்பட்டிருந்ததால், அவைக்குள் தடுமாற்றத்துக்கு இடமிருக்கவில்லை. அவசரகால நிலை நடைமுறையிலிருந்த 1982 டிசம்பர் 22 அன்று மக்கள் வாக்களித்தனர். ஆயுள் நீட்டிப்பை ஏற்பவர்களுக்கு விளக்கும், மறுப்பவர்களுக்குக் குடமும் சின்னங்களாக வாக்குச்சீட்டில் அச்சிடப்பட்டிருந்தன. விளக்குக்கு 54.66 சதவீதம் விழுந்தது. யாழ்ப்பாண மாவட்டம் குடத்துக்கே அள்ளிக் கொடுத்தது.

மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான டிக்கோயா அடங்கிய நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் இந்தச் சச்சரவு வேறொரு முகம் கொண்டிருந்தது. மூன்று உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் அத்தொகுதி 1977இல் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க, சௌமியமூர்த்தி தொண்டமான் ஆகியோரை அனுப்பியிருந்தது. ஆக, ஆயுளை நீட்ட முனைந்த அரசின் அமைச்சர்கள் இருவரும், அதை எதிர்த்த சுதந்திரக் கட்சியின் உறுப்பினர் ஒருவரும் ஒரே தொகுதியின் பிரதிநிதிகள். 1978 முதல் அமைச்சரவையில் இருந்த தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அரசின் பக்கம் நின்றது. ஆனால் விளக்கா குடமா என்று தீர்மானிக்கும் உரிமையே தோட்டங்களில் பாதிவழியில் நின்றிருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இந்திய வம்சாவளியினரில் மூன்று இலட்சம் பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்திருந்தபோதிலும், பதிவு ஆமை வேகத்தில் நகர்ந்ததால், ஒரே பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கொடுத்து ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்களுள் சிலரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்க, ஏனையோரின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைநாளும் சம்பளமும் பதியும் பேரேட்டில் மட்டுமே இருந்தது. தேர்தலை ஒத்திவைப்பது மக்களின் உரிமையைப் பறிப்பதாகும் என்ற எதிர்க்கட்சிகளின் வாதம் சரியானதுதான். எனினும் பறிபோக அவ்வுரிமை கைக்கு வந்திராதவர்களிடம் அது எடுபட்டிருக்க நியாயமில்லை.

இதில் இன்னொரு முரணும் உண்டு. 1989 வரை ஆயுள் நீட்டப்பட்ட அதே பாராளுமன்றம்தான், எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டங்களை 1986இலும் 1988இலும் நிறைவேற்றியது. இதற்காக அந்த நீட்டிப்பை மெச்ச வேண்டியதில்லை. இடையில் தமிழர்களுக்கு எதிரான 1983 ஜூலை வன்செயலையும் மலையகம் அதே ஆட்சியில்தான் அனுபவித்தது. பொதுத் தேர்தல் 1989 பிப்ரவரி 15இல்தான் நடந்தது.

ஜயவர்தனவுக்குச் சட்டத் திருத்தமும் வாக்கெடுப்பும் தேவைப்பட்டன. அவருடைய மருமகன் முறையான ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாகவும் நிதியமைச்சராகவும் இருந்த 2023இல் அவ்வளவு சிரமம் இருக்கவில்லை. மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரி பணம் விடுவிக்காததாலேயே நின்றுபோனது. அம்மாதம் 19ஆம் திகதியோடு பதவிக்காலம் முடிந்த அட்டன்–டிக்கோயா நகர சபை, தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரிகளின் பொறுப்பில் விடப்பட்டது. அந்த ஒத்திவைப்பு அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. டிக்கோயா வாக்காளர்கள் தங்கள் சபைக்கு வாக்களித்தது 2025 மே 6இல்.