022: மூணு இலக்கத்துல ஒரு ஊர்க்கட்டுப்பாடு

யுனிக்ஸ் மெஷின்ல ஒரு புது ஃபைல் உருவாகுது. அதை யார் படிக்கலாம், யார் எழுதலாம்? முடிவு பண்றது யார்? ப்ரோக்ராம் எழுதினவரா, இல்ல மெஷினைப் பாத்துக்கறவரா? பாக்க சின்னக் கேள்வி. ஆனா அம்பது வருஷக் கதை இருக்கு.

1971-ல் பெல் லேப்ஸில் இருந்து வந்த முதல் யுனிக்ஸ் கையேட்டில் விஷயம் ரொம்ப எளிமை. சொந்தக்காரர் படிக்கலாமா, எழுதலாமா. மத்தவங்க படிக்கலாமா, எழுதலாமா. குரூப் என்ற சங்கதியே கிடையாது. ஃபைலை உருவாக்கும் சிஸ்டம் காலுக்கு 'க்ரியேட்' என்று பேர். (ஆங்கிலத்தில் அதுக்குக் கடைசி 'இ' கிடையாது. யுனிக்ஸைத் திரும்ப எழுதினா அந்த 'இ'-யைச் சேர்ப்பேன்னு கென் தாம்ப்ஸன் சொன்னது பிரபலம் :-)) ப்ரோக்ராம் என்ன அனுமதி கேட்டுச்சோ, அதையே க்ரியேட் கொடுத்துடும்.

இங்கதான் சிக்கல். நாலு பேர் நம்பிக்கையா வேலை பாக்கற லேபில் ஃபைல் எல்லாம் திறந்து கிடந்தா வசதி. நூறு மாணவர்கள் லாகின் பண்ற கல்லூரி மெஷினில் அதே பழக்கம், அசைன்மென்ட் காப்பியடிக்க ராஜபாட்டை! ப்ரோக்ராம் எழுதறவருக்கு ஒவ்வொரு ஊர் வழக்கமும் எப்படித் தெரியும்?

1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் இதுக்கு ஒரு விடை இருந்தது: யூமாஸ்க். ப்ரோக்ராம் தாராளமா 666 கேக்கட்டும், அதாவது எல்லாரும் படிக்கலாம், எழுதலாம். யூமாஸ்க் 022 என்றால் சொந்தக்காரரைத் தவிர மத்தவங்களோட எழுதும் அனுமதியை மறைச்சுடும். கிடைப்பது 644. 077 என்று வைத்தால் 600, சொந்தக்காரருக்கு மட்டும். எல்லாரும் லாகின் பண்ணும்போது ஓடுற பொதுக் கோப்பில் ஒரே ஒரு வரி போட்டா போதும், மெஷின் முழுக்க அதே வழக்கம். எந்த ப்ரோக்ராமையும் தொட வேண்டாம்.

அழகான யோசனைதான். ஆனா ஒரு ஓட்டை. ஒவ்வொரு ப்ரோக்ராமும் தன் யூமாஸ்க்கைத் தானே மாத்திக்கலாம். ஃபைல் உருவான பிறகு சொந்தக்காரர் அனுமதியைத் திறந்தும் விடலாம். ஆக இது வழக்கம், சட்டம் இல்லை.

சட்டமும் வந்தது. அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. 2000 டிசம்பரில் எஸ்இலினக்ஸை வெளியிட்டது. 2003-ல் அது லினக்ஸ் 2.6 கெர்னலில் சேர்ந்தது. ஃபைலுக்கு ஒரு லேபிள், ப்ரோக்ராமுக்கு ஒரு லேபிள். எது எதைத் தொடலாம்னு பாலிசி சொல்லும். ஃபைல் 666-ஆக இருந்தாலும், கேட்பது ரூட்டே ஆனாலும், பாலிசியில் இடமில்லைன்னா கிடையாது. விளைவு? "முதல்ல எஸ்இலினக்ஸை ஆஃப் பண்ணுங்க" என்பதே பல பேருக்கு முதல் உதவி ஆயிடுச்சு!

எனக்குப் புரிஞ்சது இதுதான். ரொம்ப இறுக்கின சட்டத்தை ஜனங்க மொத்தமா அணைச்சுடறாங்க. இளகின வழக்கம் ஓட்டையோட நாப்பது வருஷத்துக்கு மேல ஓடுது. அந்த வழக்கமும் மெதுவா இறுகுது: 2021-ல் உபுண்டு 21.04, புதுசா உருவாக்கும் ஹோம் டைரக்டரிகளை மத்தவங்க எட்டிப் பாக்க முடியாதபடி 750 ஆக்கியது.

உங்க லினக்ஸ் மெஷின்ல 'யூமாஸ்க்' கட்டளையை ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. வர்ற எண்ணை நீங்க வெச்சீங்களா, வேற யாராவது வெச்சாங்களா?