அம்பலும் அலரும்: வலைப்பின்னல் ஊடகமான வரலாறு

தமிழ் நாளிதழ்களில் ‘சமூக வலைத்தளம்’, ‘சமூக ஊடகம்’ என்னும் இரண்டு சொற்களும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று புழங்குகின்றன. தலைப்பில் ஒன்றும் செய்தியின் உள்ளே இன்னொன்றும் வருவது வழக்கம். படிப்பவர் தடுமாறுவதில்லை, எதைச் சொன்னாலும் முகநூல், இன்ஸ்டாகிராம், எக்ஸ் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இவை இருவேறு செயல்களின் பெயர்கள். வலைப்பின்னலில் யார் யாரோடு தொடர்பில் இருக்கிறார் என்பது முதன்மை பெறும். ஊடகத்தில் எது எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பது முதன்மை பெறும். நாம் வலைப்பின்னலில் சேர்ந்தோம். சில ஆண்டுகளில் அது ஊடகமாக மாற்றப்பட்டது. யாரிடம் பேசுகிறோம் என்று தீர்மானிக்கும் உரிமை அந்த மாற்றத்தில் பேசுபவரின் கையிலிருந்து நழுவியது. இந்த வரலாற்றைப் பெண்களின் பக்கமிருந்து பார்த்தால், நழுவியது எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

இந்த வேறுபாட்டை உணர்த்தும் சொற்கள் தமிழில் முன்பே உண்டு. அகப்பாடல்களில் தலைவியின் களவைப் பற்றிய ஊர்ப்பேச்சு இரண்டு நிலைகளில் வருகிறது. பெயர் சொல்லாமல் சிலருக்குள் முணுமுணுப்பாக நிற்பது அம்பல். இன்னாரோடு இன்னாள் என ஊரறியப் பரவியது அலர். முன்னதை அரும்பு என்றால் பின்னது விரிந்த பூ. அலர் எழுந்தால் பல பாடல்களில் அடுத்து வருவது இற்செறிப்பு. அடைக்கப்படுபவள் தலைவி மட்டுமே. தலைவனுக்கு அப்படியொரு துறை இல்லை. இவற்றுக்கு நடுவே தோழி நிற்கிறாள். தலைவி சொன்னதை யாரிடம், எப்போது, எந்த அளவில் சொல்வது என்று அவள் தேர்ந்து சொல்கிறாள். செவிலியிடம் ஒரு விதம், தலைவனிடம் வேறு விதம். தோழி வழியாகப் போகும் சொல்லுக்குப் போய்ச் சேரும் இடம் ஒன்று உண்டு. அலருக்கு அது கிடையாது.

சமூகவியலில் ‘சமூக வலைப்பின்னல்’ என்ற கருத்துக்கு வடிவம் கொடுத்தவர்களுள் ஒருவர் மானிடவியலாளர் ஜே.ஏ. பார்ன்ஸ். நார்வேயின் தீவுப் பகுதி ஒன்றை ஆராய்ந்து 1954இல் அவர் எழுதிய கட்டுரை இதில் முன்னோடி. மூன்று ஆண்டுகள் கழித்து, 1957இல், எலிசபெத் பாட் அந்தக் கருத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார். லண்டனில் 20 குடும்பங்களை அவர் ஆராய்ந்தார். கணவன் மனைவியின் உறவினரும் நண்பர்களும் ஒருவரையொருவர் நெருக்கமாக அறிந்திருந்த குடும்பங்களில், ஆண் வேலை, பெண் வேலை என்ற பிரிவினை இறுக்கமாக இருந்தது. சுற்றியிருப்பவர்கள் ஒருவரையொருவர் அவ்வளவாக அறியாத குடும்பங்களில் இருவரும் வேலைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். நெருக்கமான வலை ஒரு பெண்ணைத் தாங்கிப் பிடிக்கும். அதே வலை அவளைக் கண்காணிக்கவும் செய்யும். ஆகவே வலைப்பின்னல் நல்லது, ஊடகம் கெட்டது என்று இந்த வரலாற்றைச் சுருக்கிவிட முடியாது.

கணினி வழி வலைப்பின்னலைப் பெண்கள் தம் தேவைக்குக் கட்டிய தொடக்க முயற்சிகளுள் ஒன்று ‘சிஸ்டர்ஸ்’. 1987இல் கணினி அறிவியலாளர் அனிதா போர்க் இதைத் தொடங்கினார். கணினித் துறை மாநாடுகளில் பெண்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலம் அது. அப்படியொரு மாநாட்டில் சந்தித்த சிலர், தங்களுக்குள் மட்டும் மின்னஞ்சல் வழியாகப் பேசிக்கொள்ள ஏற்படுத்திய வட்டம் அது. தொழில்நுட்ப ஐயங்களோடு, வேலையிடத்தில் ஒரே பெண்ணாக இருப்பதன் சங்கடங்களையும் அங்கே பேச முடிந்தது. உறுப்பினர் பெண்கள் மட்டுமே. எழுதுபவருக்குத் தன் வாசகர் யாரென்று தெரியும்.

பின்னர் வந்த வணிகத் தளங்களும் தொடக்கத்தில் இந்த அச்சிலேயே இருந்தன. 1997இல் ‘சிக்ஸ் டிகிரீஸ்’, 2002இல் ‘ஃபிரண்ட்ஸ்டர்’, 2003இல் ‘மைஸ்பேஸ்’, 2004 ஜனவரியில் ஆர்க்குட், பிப்ரவரியில் முகநூல். இந்தியாவில் ஒரு தலைமுறைக்கு ஆர்க்குட்தான் முதல் வாசல். தொடக்கத்தில் உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் அதில் சேர முடியும். ஒருவரது பக்கத்துக்குப் போய் ‘ஸ்கிராப்’ எழுத வேண்டும்; மற்றவர் அதைக் காண வேண்டுமானால் அவரும் அங்கே போக வேண்டும். பார்ப்பதற்கு ஒரு நடை தேவைப்பட்டது.

2007இல் டானா பாய்டும் நிக்கோல் எலிசனும் இத்தளங்களின் வரலாற்றை எழுதியபோது மூன்று கூறுகளால் அவற்றை வரையறுத்தார்கள்: தன்னைப் பற்றிய ஒரு பக்கம், தொடர்பில் உள்ளோரின் பட்டியல், அந்தப் பட்டியல்கள் வழியே ஒருவரிலிருந்து இன்னொருவருக்குப் போக முடிதல். ‘நெட்வொர்க்கிங்’ என்ற வினைச்சொல்லை அவர்கள் தெரிந்தே தவிர்த்து, ‘நெட்வொர்க்’ என்ற பெயர்ச்சொல்லைத் தேர்ந்தார்கள். வினைச்சொல் புதியவரைத் தேடி அறிமுகம் செய்துகொள்வதைக் குறிக்கும். மக்களோ பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்தவர்களோடு பேசத்தான் அங்கே வந்தார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2013இல் இருவரும் அந்த வரையறையைத் திருத்தினார்கள். இப்போது அதில் பயனர்கள் உருவாக்கும் உள்ளடக்கத்தின் ஓடை முக்கிய இடம் பிடித்தது. ஆறு ஆண்டுகளில் வரையறையே மாற வேண்டியிருந்தது.

ஓடை தொடங்கிய நாள் நமக்குத் தெரியும்: 2006 செப்டம்பர் 5. அன்று முகநூல் ‘நியூஸ் ஃபீட்’ வசதியை அறிமுகப்படுத்தியது. அதுவரை ஒருவர் தன் பக்கத்தில் செய்த மாற்றத்தை அங்கே போய்ப் பார்ப்பவர் மட்டுமே அறிவார். அன்று முதல், யார் யாரோடு நண்பரானார், யார் தன் உறவுநிலையைக் ‘காதலில்’ என்பதிலிருந்து ‘தனி’ என்று மாற்றினார் என்பதெல்லாம் தொடர்பில் உள்ளோர் அனைவரின் முகப்பிலும் செய்தியாக வந்து விழுந்தன. புதிதாக எந்தத் தகவலும் வெளியாகவில்லை, முன்பே பார்க்க முடிந்தவர்களுக்குத்தான் இப்போதும் காட்டுகிறோம் என்றது நிறுவனம். அது உண்மையும்கூட. ஆனாலும் எதிர்த்து உருவான குழுவில் சில நாள்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். தகவல் அதேதான், அது அம்பலாக இருந்து அலரானதை அந்த மாணவர்கள் உணர்ந்தார்கள். நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டு, எதைக் காட்டலாம் என்று தேர்வதற்குச் சில வசதிகளைக் கொடுத்தார். ஓடையை நிறுத்தவில்லை.

அந்த வசதியை உருவாக்கிய அணியில் முக்கியப் பங்காற்றி, அதன் அறிவிப்பையும் எழுதியவர் புனேயில் பிறந்த ருச்சி சாங்வி, முகநூலின் முதல் பெண் பொறியாளர். வடிவமைப்பு மேசையில் ஒரு பெண் இருந்ததால் மட்டும் அமைப்பின் போக்கு மாறிவிடாது என்பதற்கு இது ஒரு சான்று. அந்நிறுவனத்தின் முன்கதையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2003இல் சக்கர்பெர்க் ஹார்வர்டில் உருவாக்கிய ‘ஃபேஸ்மாஷ்’, மாணவர் படங்களை அவர்கள் அனுமதியின்றி எடுத்து, இரண்டிரண்டாக அருகருகே வைத்து, யார் அதிகக் கவர்ச்சி என்று வாக்குக் கேட்டது. மாணவியர் அமைப்பும் அதை எதிர்த்தது. சில நாள்களுக்குள் அது மூடப்பட்டது. ஒருவரின் முகம் அவர் அறியாமலே மற்றவர் பார்வைக்குப் பண்டமாவது இந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

2006 செப்டம்பர் இறுதியில், 13 வயது நிரம்பிய எவருக்கும் முகநூல் திறந்துவிடப்பட்டது. 2009இல் விருப்பக்குறி வந்தது. அதே ஆண்டு ட்விட்டரில் மறுகீச்சுப் பொத்தான் வந்தது. எதிர்வினையை எண்ண முடிந்தது. எண்ணிக்கையைக் கொண்டு எதை மேலே காட்டுவது என்று கணினி வரிசைப்படுத்த முடிந்தது. மேலே வருவதன் அருகே விளம்பரம் விற்க முடிந்தது. சில நண்பர்களோடு மட்டும் பேசும் பெண்ணால் நிறுவனத்துக்குக் கிடைப்பது சொற்பம். அவள் சொன்னது பரவினால்தான் வருமானம். அவளைத் திட்டுவதற்காகப் பரவினாலும் கணக்கு ஒன்றே.

தோழிக்கும் தந்தைக்கும் மேலதிகாரிக்கும் வெவ்வேறாகப் பேசும் ஒருவர், எல்லோரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்க ஒரே குரலில் பேச நேர்வதை ஆலிஸ் மார்விக்கும் டானா பாய்டும் ‘சூழல்களின் சரிவு’ என்ற கருத்தால் விளக்கினார்கள். இச்சரிவு எல்லோர்மீதும் ஒரே எடையில் விழுவதில்லை. வீட்டில் ஒருத்தியாகவும் கல்லூரியில் வேறொருத்தியாகவும் இருந்தாக வேண்டிய பெண்ணுக்கு அது கூரையே விழுவது போன்றது. பூவையோ நடிகையையோ குழந்தையையோ முகப்புப் படமாக வைத்துக்கொண்டிருக்கும் எத்தனையோ மாணவியரின் கணக்குகளை நான் பார்க்கிறேன். இதைக் கூச்சம் என்று சிரிப்பவர்கள் உண்டு. இடிந்த சுவருக்குப் பதிலாக அவர்கள் கட்டிக்கொண்ட தட்டி அது.

சரிவின் விலை எவ்வளவு என்பதற்கு 2012 நவம்பரில் ஒரு சான்று கிடைத்தது. சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்தபோது மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டதைக் கேள்வி கேட்டு, மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஓர் இளம்பெண் முகநூலில் எழுதினார். அவரது தோழி விருப்பக்குறி இட்டார். இருவரும் கைது செய்யப்பட்டார்கள். எழுதியவரின் உறவினர் நடத்திய மருத்துவமனை தாக்கப்பட்டது. தோழிக்குத் தலையசைப்பதாக ஒரு பெண் நினைத்ததைக் காவல்துறை பிரசுரமாகப் பார்த்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எதிர்த்து, ஷ்ரேயா சிங்கால் உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஒருவருக்கு அனுப்புவதற்கும் திரளாகப் பரப்புவதற்கும் இப்பிரிவு வேறுபாடு காட்டவில்லை என்பதையும் தீர்ப்பு சுட்டியது. நாளிதழ்த் தமிழ் கலந்துவிட்ட இரண்டையும் சட்டமும் கலந்திருந்தது. அதன் விளைவை இருவர் காவல் நிலையத்தில் அனுபவித்தார்கள்.

ஆயினும் அலரைப் பெண்களும் கருவியாக்கியிருக்கிறார்கள். திருக்குறளில் ‘அலர் அறிவுறுத்தல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே ஊர்ப்பேச்சு காதலுக்கு உரமாகிறது. ஊர் பேசுகிறது என்று சொல்லியே தோழி தலைவனை மணத்துக்கு நெருக்குகிறாள். அமெரிக்கக் கறுப்பினச் செயற்பாட்டாளர் தரானா பர்க், பாலியல் வன்முறைக்கு ஆளான கறுப்பினச் சிறுமியரோடு பணியாற்றியவர். ‘மீ டூ’ என்ற சொற்றொடரை அவர் 2006இல் மைஸ்பேஸில் பயன்படுத்தத் தொடங்கினார். பாதிக்கப்பட்ட ஒருத்தியிடம் இன்னொருத்தி ‘எனக்கும் நேர்ந்தது’ என்று சொல்வது அதன் பொருள். 2017 அக்டோபர் 15 அன்று நடிகை அலிசா மிலானோ அதே சொற்களைத் தம் கீச்சில் எழுதச் சொன்னபின், 24 மணி நேரத்தில் முகநூலில் மட்டும் 47 லட்சம் பேர் அதில் பங்கெடுத்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. பதினோரு ஆண்டு வலைப்பின்னல் செய்யாததை ஒரு நாள் ஊடகம் செய்தது. பதவியில் இருந்தவர்கள் பதில் சொல்ல நேர்ந்தது.

ஊடகம் செய்யாததும் உண்டு. பெயரோடு பேசிய பெண்ணை அடுத்த வாரம் வசவுகள் சூழ்ந்தபோது, வழக்குச் செலவு வந்தபோது, வேலை போனபோது, அந்த லட்சங்கள் வேறு செய்திக்கு நகர்ந்துவிட்டன. உடன் நின்றவர்கள் அவள் பெயர் அறிந்த சிலர். பர்க் தொடக்கத்திலிருந்து செய்துவந்தது அந்த உடனிருத்தலைத்தான். நியாயத்துக்கு அலர் வேண்டும், உயிரோடிருக்கத் தோழி வேண்டும். ஒன்றை மற்றொன்றாக நினைத்து நம்பியவர்களே அதிகம் காயப்பட்டார்கள்.

இன்று வலைப்பின்னல் பெருமளவு வாட்ஸ்அப் குழுக்களுக்குள் போய்விட்டது. அங்கும் ஒரு ‘ஸ்கிரீன்ஷாட்’ போதும், ஐந்து பேருக்குச் சொன்னது ஐயாயிரம் பேருக்குப் போய்விடும். அப்படி ஒரு படம் பரவியதும் வீட்டில் கைப்பேசி பிடுங்கப்படுகிறது. சில வீடுகளில் படிப்பும் நிறுத்தப்படுகிறது. இற்செறிப்புக்கு இப்போது பாதுகாப்பு என்று பெயர். கல்லூரி விசாரணையானாலும் காவல் நிலையமானாலும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது, ‘இதை ஏன் போட்டாய்?’ என்பதே. அவள் யாருக்காக அதைச் சொன்னாள், அங்கிருந்து அதை வெளியே கொண்டுவந்தவர் யார், அதனால் பயனடைந்தவர் யார் என்ற கேள்விகள் கோப்பில் ஏறுவதில்லை. வலைப்பின்னலும் ஊடகமும் வேறு என்பதை நம் சொற்களிலேனும் பிரித்துவைப்பது அந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்குவதற்காகத்தான்.