பரண் தொட்டியா, தெருக்குழாயா? இங்கிலாந்து வீடுகளில் வெந்நீர் அழுத்தத்தின் வரலாறு

குளியலறையின் வரலாறு என்றதும் நினைவுக்கு வருவது ஸீக்ஃப்ரீட் கீடியன் 1948இல் வெளியிட்ட இயந்திரமயமாதல் பற்றிய நூல். 1900 வாக்கிலான ஆங்கிலேயக் குளியலறை அதில் விசாலமான ஆடம்பர அறை. அமெரிக்கக் குளியலறையோ 1920ஐ ஒட்டி, ஒரே வார்ப்பாக வந்த ஐந்தடிக் குளியல் தொட்டியுடன் சிற்றறைக்குள் அடங்கி எல்லோருக்கும் எட்டுகிறது. தொட்டியையும் அறையின் அளவையும் பொறுத்தவரை இதில் குறை காண முடியாது. இந்த வாசிப்பை வெந்நீர்க் குழாய்க்கும் நீட்டினால்தான் வழி தவறுகிறது. பரணில் தொட்டி வைத்துக் குறைந்த அழுத்தத்தில் வெந்நீர் எடுத்த ஆங்கிலேய முறை, அந்தக் கணக்கில், இயந்திரமயமாகாத காலத்தின் எச்சமாகிவிடும். கீடியனின் கண் அறைக்குள் இருந்த பொருளில் பதிந்தது. விடையோ தெருவில் கிடக்கிறது.

லண்டனில் தனியார் கம்பெனிகள் நெடுங்காலம் முறைவைத்தே தண்ணீர் விட்டன. 1871ஆம் ஆண்டின் பெருநகர நீர்ச் சட்டம் இடையறாத வழங்கலுக்கு வழிசெய்தும், அது நகரெங்கும் பரவ அந்நூற்றாண்டின் இறுதி ஆயிற்று. தண்ணீர் வரும் நேரம் பார்த்துப் பிடித்துவைக்கும் வீட்டில் தொட்டிதான் முதலில் வரும். அடுப்போடு சேர்ந்த கொதிகலன் பின்னர் வந்து அதில் இணைந்தது.

கொதிகலனிலிருந்து பரண் தொட்டிக்கு மேலே ஏறும் திறந்த காற்றுக்குழாய் ஆபத்தில்லாதது, அதனால்தான் இம்முறை நிலைத்தது என்று வாதிடலாம். ஆனால் கடும் உறைபனியில் பரண் குழாய்கள் அடைபட்டபின் அடுப்பு மூட்டியபோது வெடித்தவை இதே குறைந்த அழுத்தக் கொதிகலன்கள்தாம். இங்கே 1882ஆம் ஆண்டின் கொதிகலன் வெடிப்புச் சட்டத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். நீராவி உண்டாக்கவோ நீரைச் சூடாக்கவோ பயன்படும் மூடிய கலம் எதுவும் கொதிகலன் என்று முதலில் அகலமாக வரையறுக்கிறது. அடுத்த பிரிவிலேயே வீட்டுப் பயனுக்கு மட்டுமானவற்றை விலக்கிவிடுகிறது. வீட்டுக் கொதிகலன் சட்டம் இயற்றியவர்களின் கண்ணில் படாமல் போகவில்லை, தெரிந்தே ஒதுக்கினார்கள். இது மறைமுகச் சான்றுதான். ஆனால் வீட்டுப் பாதுகாப்பே தலையாய கவலை என்றால் இந்த விலக்கு எதற்கு?

பரண் தொட்டிப் பழக்கம், வெந்நீர்க் கலத்தைத் தெருக்குழாயோடு நேரே இணைப்பதற்கான தடையாக எப்போது இறுகியது என்பதற்கு ஒற்றை ஆண்டைச் சுட்டுவது பொருந்தாது. கம்பெனி விதிகள் பல. அந்தத் தடை தளர்ந்த காலம் தெளிவு: 1985ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின் ஜி3 பிரிவும், 1986ஆம் ஆண்டு மாதிரி நீர் உபவிதிகளும். காற்றுக்குழாய் இல்லாத கலத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டலாகாது, பாதுகாப்பு வால்வு கக்கும் வெந்நீர் கண்ணுக்குத் தெரியும்படி, எவரையும் சுடாதபடி வெளியேற வேண்டும் என்கிறது ஜி3.

150 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 60க்குச் சூடாக்கினால் சுமார் இரண்டரை லிட்டர் விரியும். பழைய முறையில் அது பரணுக்கு ஏறிவிடும். தெருக்குழாயோடு நேரே இணையும் புதிய முறையில் விரிவுக்குத் தனி இடம் வேண்டும். தொட்டிக்கு ஒரு மீட்டர் கீழுள்ள ஷவருக்குக் கிடைப்பது 0.1 பார் அழுத்தம். நேரடி இணைப்பில் அது 3 பார் வரை போகும், தெருக்குழாய் கொடுத்தால். மெல்லிய இணைப்புக் குழாயில் நீரோட்டம் போதாத பழைய வீட்டுக்குப் பரண் தொட்டியே இன்றும் சரியான தேர்வு.