மரண தண்டனையும் நாடுகளுக்கிடையே சாட்சியப் பகிர்வும்

தூக்கையும் துப்பாக்கிச் சூட்டையும் ஒழித்துவிட்ட ஒரு நாடு, அவை நடப்பில் உள்ள இன்னொரு நாட்டுக் காவல்துறைக்கோ அரசு வழக்கறிஞருக்கோ துப்பும் சாட்சியமும் கொடுக்கலாமா என்பது பன்னாட்டுக் குற்றவியல் சட்டத்தின் தீராத வழக்குகளுள் ஒன்று. தமிழர்களிடையே இது மயூரன் சுகுமாரனின் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகிறது.

இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1981இல் லண்டனில் பிறந்து சிட்னியில் வளர்ந்த மயூரன், ‘பாலி ஒன்பதின்மர்’ எனப்பட்ட ஹெராயின் கடத்தல் குழுவின் தலைவர்கள் இருவரில் ஒருவர். 2005 ஏப்ரலில் ஆஸ்திரேலியக் கூட்டரசுக் காவல்துறை, அக்குழுவினரின் பயண விவரங்களை இந்தோனேசியக் காவல்துறைக்குக் கடிதமாக அனுப்பியது. ஏப்ரல் 17 அன்று, தம் 24ஆம் பிறந்தநாளில், பாலித் தீவின் கூட்டா கடற்கரை விடுதியில் மயூரன் பிடிபட்டார். குழுவிடம் மொத்தமாகச் சிக்கிய ஹெராயின் 8 கிலோவுக்கும் அதிகம். அதற்குச் சில நாள் முன்புதான் குழுவில் ஓர் இளைஞரின் தந்தை, மகனைப் புறப்படவிடாமல் தடுக்கும்படி வழக்கறிஞர் ஒருவர் வழியாகக் காவல்துறையிடம் மன்றாடியிருந்தார். ஊர் திரும்பியதும் சிட்னி விமான நிலையத்தில் வைத்தே அனைவரையும் பிடித்திருக்கலாமே என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை.

காவல்துறை சட்டத்தை மீறவில்லை என 2006 ஜனவரியில் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரிதான், ஓட்டை சட்டத்திலேயே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பரஸ்பர உதவிச் சட்டம் மரண தண்டனை வழக்குகளில் உதவியை மறுக்கச் சொல்கிறது என்றாலும், அது அரசு கேட்டு அரசு தரும் முறையான உதவிக்கே பொருந்தும். குற்றம் சாட்டப்படும் முன் காவலர் காவலருக்கு எழுதும் கடிதம் அதன் வரம்புக்கு வெளியே நின்றது. வழக்கின் போக்கைத் தீர்மானித்ததோ அந்தக் கடிதம். 2009இல் காவல்துறை தன் வழிகாட்டு நெறிகளை இறுக்கியது. முழுத் தடை வரவில்லை. மரண தண்டனை பெற்று, பாலியின் கெரோபோகான் சிறையில் ஓவியராக மாறிய மயூரன், 2015 ஏப்ரல் 29 நள்ளிரவுக்குப் பின் நூசாகம்பங்கான் தீவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிரிட்டனில் நடந்தது வேறு. ஐ.எஸ். அமைப்பின் ஷஃபி எல் ஷேக் மீதான சாட்சியங்களை, மரண தண்டனை கேட்கமாட்டோம் என்ற உறுதிமொழி பெறாமலே அமெரிக்காவுக்குத் தர 2018இல் உள்துறை அமைச்சர் இசைந்தார். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. மனித உரிமையின் பேரில் அல்ல, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பேரில். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா உறுதிமொழி தந்தது, சாட்சியமும் போனது, 2022இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பணயக் கைதிகளின் கொலையில் பங்குகொண்டவருக்குக் கிடைத்த அந்த உறுதிமொழியை, ஹெராயின் கடத்தியவருக்காக யாரும் கேட்டிருக்கவே இல்லை.

இந்தியா இதில் சாட்சியத்தையும் ஆளையும் கேட்டுப் பெறும் இடத்தில் நிற்கும் நாடு. மரண தண்டனை இல்லாத நாடு ஒருவரை ஒப்படைத்தால் ஆயுள் தண்டனைக்கு மேல் கூடாது என ஒப்படைப்புச் சட்டத்தின் 34சி பிரிவு சொல்கிறது. மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமைப் போர்ச்சுகல் 2005இல் அனுப்பியதும் இத்தகைய உறுதிமொழியின் பேரில்தான். ஆனால் அப்பிரிவு ஒப்படைக்கப்படும் ஆளைப் பற்றியது மட்டுமே. வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசிப் பதிவு, வங்கிக் கணக்கு, வாக்குமூலம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.